கேமராவைக் கெடுத்தது மழை இல்லீங்க

"மழை வருது, கேமராவை உள்ள வை." ஐப்பசி பிறந்துட்டா எங்க வாலிநோக்கத்துல கேமரா வச்சிருக்கிறவன் காதுல தினமும் விழுகிற வாக்கியம் இது. நானும் ரொம்ப வருஷம் இதை வேதவாக்கா எடுத்துக்கிட்டவன்தான். இப்போ அது பாதி தப்புன்னு நினைக்கிறேன். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு கேமராவும் ஒரு படமும் செலவாச்சு.

முதல்ல கேமரா கதை. சீட்டுப் பணத்துல வாங்கினது. ஒரு ஆடி மாசம், கச்சான் காத்து பேயா அடிக்குது, ஆனா வானத்துல பொட்டு மேகம் இல்ல. வெயில்தானே, என்ன ஆகப் போகுதுன்னு கடற்கரையில நின்னுக்கிட்டே மூணு தடவை லென்ஸ் மாத்தினேன். வீட்டுக்கு வந்து அப்படியே பையில போட்டுட்டேன். அடுத்து மழைக்காலம் வந்தது. ஒரு துளி கூட படக்கூடாதுன்னு துணியில சுத்தி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினேன். கார்த்திகை கடைசியில எடுத்துப் பார்த்தால் ஷட்டர் பொத்தான் அசையவே இல்லை. சர்வீஸ் சென்டர்ல, "சார், தண்ணி உள்ள போயிருக்கு, வாரண்டி கிடையாது"ன்னு சொல்லிட்டாங்க. மழையிலயே எடுக்காத கேமராவுல தண்ணி எப்படிங்க போகும்?

விடை எங்க வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. மழைக்காலத்துல உப்பு ஜாடியைப் பாருங்க, அதுவா கசிஞ்சு ஈரமா நிற்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ஆடிக் காத்துல பறந்து வந்து உள்ளே படிஞ்ச உப்புத்தூள் மூணு மாசம் சும்மா கிடந்திருக்கு. ஐப்பசி ஈரம் வந்ததும் உப்புத்தண்ணியா மாறி சர்க்யூட்டை அரிச்சிருக்கு. பழி மட்டும் மழை மேல!

மழைத்தண்ணியில உப்பு கிட்டத்தட்ட இல்லை. கடல்தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம். மழைத்துளியைத் துடைச்சா போச்சு. கடல் சாரல் காய்ஞ்சாலும் உப்பை விட்டுட்டுத்தான் போகும், அந்த உப்பு மறுபடி மறுபடி ஈரத்தைக் கூப்பிடும். செல்போன்ல ஐபி68னு போட்டிருக்கே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணியில செய்வது. கடல்தண்ணிக்கு அதில் உத்தரவாதம் இல்லை.

உப்புக்குப் பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு இதை இவ்வளவு லேட்டா கத்துக்கிட்டேன்! தமிழ்நாடு உப்பு நிறுவனத்தோட உப்பளமே இங்கேதான் இருக்கு :-)

இப்போ படத்தோட கதை. கேமராவைப் பூட்டி வச்ச அதே மழைக்காலம். தெருக்கோடி மாமாவும் அவர் மகன்களும் கொட்டுற மழையில தங்களோட பழைய வள்ளத்தைக் கரையேத்திக்கிட்டு இருந்தாங்க. "தம்பி, ஒரு படம் எடுக்கிறது"ன்னார். "மழை விடட்டும் மாமா"ன்னேன். சிரிச்சுக்கிட்டே, "மழை விட்டுரும்பா, அப்ப நாங்க இழுத்துக்கிட்டா இருப்போம்?" என்றார். அடுத்த வருஷம் அந்த வள்ளம் விறகுக்குப் போயிடுச்சு. கேமராவை இன்னொண்ணு வாங்கிட்டேன். அந்தப் படத்தை எங்கே போய் வாங்க?

மழைப்படம்னா எல்லாரும் ஸ்டீவ் மெக்கரியைச் சொல்வார்கள். 1983-ல் போர்பந்தர் வெள்ளத்துல கழுத்தளவு தண்ணியில தையல் மிஷினைத் தோள்ல சுமந்து சிரிச்சுக்கிட்டு வர்ற தையல்காரர் படம் அவருடையது. அதுக்கு முன்னாடி 1960-ல் பிரையன் பிரேக் எடுத்த 'மழைக்காலப் பெண்' படமும் உலகப் புகழ். அதுல முகத்தில் மழை வாங்கி நிற்பது சிறுமி அபர்ணா சென். பின்னாளில் பெரிய இயக்குநர் ஆனாரே, அவரேதான். ஆனால் அந்த மழை, பூவாளியில் ஊத்தினது! பூவாளியைப் பத்தி எனக்குப் புகார் இல்லை, படம் அழகுதான். ஆனா வள்ளம் இழுக்கிறவங்களுக்குப் பூவாளி மழை கொண்டுவர முடியாதே. அங்கே நாமதான் நனையணும்.

அதுக்காக கண்ணை மூடிக்கிட்டு மழையில இறங்கச் சொல்லலை. நான் இப்போ செய்யறது இவ்வளவுதான். பெரிய பாலிதீன் கவர்ல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட். வாடைக் காத்துல குடை வேலைக்கு ஆகாது. லென்ஸை வெளியில மாத்தறதே இல்லை. நீண்டு சுருங்குற ஜூம் லென்ஸை அடிக்கடி திருகறதும் இல்லை, அது வெளிக்காத்தை ஈரத்தோட உள்ளே இழுக்கும். 'வெதர் சீல்' போட்ட கேமராதான்னு நம்பி இறங்காதீங்க, மாட்டின லென்ஸுக்கும் சீல் இருக்கணும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சு இறுக்கிப் பிழிஞ்ச துணியால கேமராவோட வெளிப்பக்கத்தைத் துடைச்சு, அப்புறம் உலர்ந்த துணி. முதல்லயே உலர்ந்த துணியைப் போட்டா உப்புத்தூள் கீறிடும். உள்ளே தண்ணி போயிட்டா உடனே ஆஃப் பண்ணி பேட்டரியைக் கழட்டிடுங்க. "வேலை செய்யுதா பார்ப்போம்"னு ஆன் பண்ணறதுதான் பல கேமராவுக்கு எமன். அரிசிப் பானையில புதைக்கவும் வேண்டாம், அரிசித்தூள் தான் மிச்சம்.

பீரோவும் பத்திரம் இல்லை. இருட்டும் ஈரமும் லென்ஸ்ல பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

ஒரே ஒரு இடத்துல நான் வீட்டுக்காரங்க கட்சி. இடி மின்னல் நேரத்துல உப்பளத்துலயோ வெட்டக்கடற்கரையிலயோ நிற்காதீங்க. அந்தச் சமவெளியில உயரமான பொருள் நீங்கதான். கேமராவுக்காவது சர்வீஸ் சென்டர் இருக்கு.

வருஷம் பூரா காயுற வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகை விட்டா பெருசா மழையே இல்லை. அந்தக் கொஞ்ச நாளையும் கேமராவைப் பூட்டி வச்சுக் கழிக்கணுமா? ஆடிக் காத்துக்குப் பயப்படுங்க. மழைக்கு ஒரு பாலிதீன் கவர் போதும்.