அன்பியம் யார் வீட்டில் கூடுகிறது?

ஊட்டி பெர்ன்ஹில்லில் இருந்து காந்தல் குருசடித் திருத்தலம் அதிகத் தொலைவில் இல்லை. கீழை நாட்டின் கல்வாரி என்று பெயர் பெற்ற அந்த இடத்துக்கு மலையெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். விசுவாசத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். தியானம், நவநாள், தேர்பவனி என்று வழிகளும் சொல்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய பிறகு பங்கு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதையும் தலித் கத்தோலிக்கர்களாகிய நாம் கேட்க வேண்டும்.

நீலகிரி மலை கூலிக்கு வந்தவர்களால் வளர்ந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து திரும்பியவர்களும் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். 1955-ல் உருவான உதகை மறைமாவட்டத்தின் பங்குகளில் இந்த உழைப்பாளர் குடும்பங்களும் உண்டு. மக்கள் மலை ஏறியபோது சாதியும் கூடவே ஏறியது.

சமவெளியில் அது கண்ணுக்குத் தெரியும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து எழுப்பிய சுவர் நாடறிந்தது. விழுப்புரம் பக்கம் இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கு மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சுவர் இல்லாத ஊரில் சாதியைக் கண்டுபிடிக்கச் சிறிய விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

அன்பியத்தை எடுத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடி ஜெபிக்கும் குழு அது. முறை வைத்து எல்லா வீடுகளிலும் கூடுகிறதா? எஸ்டேட் லைன் வீட்டின் முறை வரும்போது, 'இடம் போதாது' என்று வேறு வீட்டுக்கு மாறுகிறதா? அந்த வீட்டு டீயை எல்லோரும் குடிக்கிறார்களா? கிறிஸ்தவ ஒற்றுமைக்கு இதைவிட நேரடியான சோதனை இல்லை.

அடுத்தது, பங்கின் கணக்கும் முடிவும். திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும். பங்குப் பேரவை ஆயரின் விருப்பத்தைப் பொறுத்தது. 2024 அக்டோபரில் ரோமில் முடிந்த ஆயர் மாமன்றம், இத்தகைய அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டது. கோயிலைக் கூட்டவும் பந்தல் போடவும் நம்மை அழைப்பவர்கள், கணக்கு நோட்டைத் திறக்கும்போதும் அழைக்கிறார்களா?

இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை அதில் ஒப்புக்கொண்டது. 2022-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். மேலே மாற்றம் தொடங்கியிருக்கிறது. அது கீழே பங்கு வரை வந்து சேர வேண்டும்.

இதில் மாணவர்களின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பவுத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நமக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையும் தீர்மானம் போட்டது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்பதுதான் மறுப்பவர்களின் வாதம்.

அந்த வாதம் பொய் என்பது நம் அனுபவம். ஆனால் பங்குக்குள் பாகுபாட்டை வைத்துக்கொண்டு அரசிடம் நீதி கேட்டால், 'முதலில் உங்கள் கோயிலைச் சரிசெய்யுங்கள்' என்ற பதில் வரும். அப்போது திருச்சபையின் குரலுக்கு வலு இருக்காது. ஆகவே பங்குச் சீர்திருத்தத்தையும் உரிமைப் போராட்டத்தையும் நாம் சேர்த்தே நடத்த வேண்டும்.

டெல்லி மனம் மாற ஆண்டுகள் ஆகலாம். அன்பியக் கூட்டத்தை லைன் வீட்டுக்கு மாற்ற ஒரு வாரம் போதும். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் நாமே போய்ச் சொல்வோம்: "சாமி, அடுத்த கூட்டம் எங்க வீட்டுல."