ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: ஐயா, எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை. சம்பா ஒரு போகம், அதன்பின் உளுந்து. மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்புக்குச் சிதம்பரத்தில் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கச் சொல்லி வீட்டுக்காரரின் அண்ணன் வற்புறுத்துகிறார். கட்டணம், வேன் சேர்த்து ஆண்டுக்கு 45 ஆயிரம் ஆகுமாம். நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும். அரசுப் பள்ளியில் தரம் இருக்காது என்கிறார்கள். என்ன செய்வது?
- குமராட்சி வட்டாரத்து வாசகி

பதில்: சகோதரி, பூச்சி, உரக் கேள்விகளுக்கு நடுவே உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் ஒதுக்கித்தான் வைத்தேன். பிறகு யோசித்தால், நெல் விற்ற காசு எங்கே போகிறது என்பதும் நம் பக்கத்துக்கு உரிய கேள்விதான்.

என் கதையையே சொல்கிறேன். நான் அரசுப் பள்ளியில் படித்தவன். ஆனால் என் மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்தேன். ஐந்தாம் வகுப்பில் கணக்குக்கு 96 மதிப்பெண் வாங்கி வந்தான். ஒரு நாள், "184 கிலோ விதையை 8 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டேன். விழித்தான். நோட்டில் இருக்கும் கணக்கு என்றால் போடுவான், புதிதாகக் கேட்டால் வராது. மதிப்பெண் அட்டையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்தது என் தவறு.

விதை நெல் வாங்கினால் மூட்டையில் இருக்கும் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், ஈரச் சாக்கில் நூறு விதையை வைத்து 80 முளைக்கிறதா என்று பாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் நான். பிள்ளையின் படிப்புக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. இன்று மாலையே செய்து பாருங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவள் படித்திராத பத்து வரிக் கதையைத் தடையில்லாமல் வாசிக்கிறாளா? 52-இல் 37 போனால் மீதி சொல்கிறாளா? மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கிறாளா? சின்ன ஆங்கில வாக்கியம் ஒன்றைப் படித்துப் பொருள் சொல்கிறாளா? 'ஏசர்' என்னும் கிராமப்புறக் கல்வி ஆய்வில் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் இதைப் போலத்தான் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இரு வகைப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள்.

தனியார் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் பொதுவாகக் கூடுதலாகத் தெரிவது உண்மை. ஆனால் தலைமடை வயலில் ஒரு ரகத்தையும் கடைமடை வயலில் இன்னொன்றையும் நட்டுவிட்டு, எந்த ரகம் நல்லது என்று சொல்ல முடியாது. ஒரே வயலில் பாத்தி பிரித்து, குலுக்கல் முறையில் நட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒரு சோதனை ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில் 2008 முதல் நான்கு ஆண்டுகள் நடந்தது. குலுக்கலில் தேர்வான ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுக்கப்பட்டது. முடிவில் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் இவர்கள் முந்தினார்கள். தனியார் பள்ளிகள் இதைக் குறைந்த செலவில் செய்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாடப்புத்தகமும் வேறல்ல. 2011-இல் சமச்சீர் கல்வி வந்தபின் மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே புத்தகம், பத்தாம் வகுப்பில் ஒரே தேர்வு. ஆங்கில வழிப் பிரிவு பல அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். உங்கள் மகள் அதைக் கடந்துவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்க வேண்டியது வேறு. நீங்கள் சேர்க்க நினைக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் போங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறாரா, ஏதாவது இடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேளுங்கள். மெட்ரிக் பள்ளியிலும் அதையே கேளுங்கள். கட்டண நிர்ணயக் குழு அனுமதித்த தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் அது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. சிதம்பரத்திலும் கடலூரிலும் உள்ள பழைய அரசு உதவிபெறும் பள்ளிகளில் கட்டணம் குறைவு, ஆனால் 7.5 சதவீதம் அங்கே படித்தவர்களுக்குக் கிடையாது.

இப்போது உங்கள் வரவைப் பாருங்கள். சம்பா, உளுந்துக் காசு ஏப்ரலுக்குள் வந்து முடிந்துவிடும். பள்ளிக் கட்டணம் ஜூனில் நிற்கும். ஏழு ஆண்டுக்கு 3,15,000 ரூபாய், கட்டணம் ஏறாமல் இருந்தால். நம் மாவட்டம் 2011-இல் தானே புயலையும் 2015-இல் பெருவெள்ளத்தையும் பார்த்தது. அப்படி ஓர் ஆண்டு வந்து, எட்டாம் வகுப்பில் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்குத் திரும்பினால், கட்டிய பணமும் போகும், அந்த ஒதுக்கீடும் போகும். கடன் வாங்கிச் சேர்க்கும் குடும்பத்துக்கு இதுதான் பெரிய ஆபத்து.

ஆகவே என் யோசனை: மகள் அந்தச் சோதனையில் தேறினால், பாட ஆசிரியர்கள் இருக்கும் அரசுப் பள்ளியில் தைரியமாகச் சேருங்கள். நகை வீட்டில் இருக்கட்டும். வாசிப்பில் தடுமாறினால் பள்ளியை மாற்றுவதால் மட்டும் அது சரியாகாது. சேர்க்கைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் உரக்க வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். அருகில் உள்ள அரசுப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இல்லை, உங்களிடம் கடனில்லாத பணம் ஏழு ஆண்டுக்கும் இருக்கிறது என்றால் மட்டும் மெட்ரிக் பற்றி யோசியுங்கள்.

சேர்த்ததோடு விட்டுவிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய், காலிப் பணியிடத்தைப் பற்றிக் கேளுங்கள். வாய்க்கால் தூர்வாரக் கேட்கிற நாம் இதையும் கேட்கலாம்.

உங்கள் மகள் எப்படி வாசித்தாள் என்று எழுதுங்கள்.

(அடுத்த இதழில்: உளுந்தில் மஞ்சள் தேமல் நோய்)