பால் மறக்கும் பருவமும் நமது பொறுப்பும்

பன்றி வளர்ப்பில் நஷ்டம் நேரக்கூடிய பருவங்கள் பல. அவற்றுள் அபாயமான ஒன்று, குட்டி தாய்ப்பாலை மறந்து தீவனத்துக்கு மாறும் பருவமாகும். அப்போது தோன்றும் வீக்க நோயைப் பற்றியும், அதற்கு மருந்தொன்றையே நம்பியிருக்கும் மனப்பான்மையைப் பற்றியும், பக்கத் தொழிலாகப் பன்றி வளர்க்கும் நம் அங்கத்தினர்கள் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

இந்நோய் மெலிந்த குட்டியை விட்டுக் கொழுத்த குட்டியையே பெரும்பாலும் தாக்குகிறது. மாலையில் வயிறு நிறையத் தின்ற குட்டி காலையில் இறந்து கிடக்கும். சிலவற்றுக்குக் கண்ணிமைகள் வீங்கும், குரல் கம்மும், கால்கள் தடுமாறும், பின் ஒருக்களித்து விழுந்து கால்களை உதறும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. ஆகவே, கண்ணேறு என்றும், அயலார் வைத்த நஞ்சு என்றும் எண்ணத் தோன்றும். நஞ்சு என்பது மெய்யே. ஆயின் அது குட்டியின் குடலிலேயே உண்டானது.

1938-ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய்க்குக் காரணம் ஈ-கோலி இனத்தைச் சேர்ந்த சில கிருமிகள். தாய்ப்பாலில் உள்ள காப்புச் சக்தி நின்றவுடன், அவை சிறுகுடற் சுவரைப் பற்றிக்கொண்டு பல்கிப் பெருகுகின்றன. அவை சுரக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. நீர் கசிந்து இமையிலும், இரைப்பைச் சுவரிலும், மூளையிலும் தேங்குகிறது. அறிகுறி தோன்றியபின் சிகிச்சை பலிப்பது அரிது. ஏனெனில் மருந்து கிருமியைக் கொன்றாலும், இரத்தத்தில் ஏறிவிட்ட நஞ்சை அகற்றுவதில்லை.

ஆகவே நோய் வருமுன்னரே தீவனத்தில் மருந்தைக் கலந்துவிடும் வழக்கம் பல தேசங்களில் வேரூன்றியது. அதன் விளைவு யாது? பன்றிகளுக்குத் தாராளமாக அளிக்கப்பட்ட கோலிஸ்டின் என்னும் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமியினின்று மற்றொன்றுக்குத் தாவவல்லது என்பது 2015-இல் சீனத்தில் கண்டறியப்பட்டது. பன்றிகளிடம் மட்டுமன்றி இறைச்சியிலும் மனிதரிடத்தும் அத்தகைய கிருமிகள் காணப்பட்டன. வேறெம்மருந்துக்கும் வசப்படாத மனித நோய்களுக்குக் கடைசித் துணையாக வைத்திருந்த மருந்து அது. 2019-இல் நம் இந்திய அரசாங்கம், உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கு அதை அளிப்பதைத் தடை செய்தது. பால் மறந்த குட்டிகளின் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் மிகுதியாகக் கலக்கப்பட்ட துத்தநாக ஆக்ஸைடு, சாணத்தின் வழியே நிலத்தில் சேர்ந்தமையால், 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

டென்மார்க் தேசத்தின் வரலாறு கூட்டுறவாளர்களாகிய நாம் கருதத்தக்கது. 1887-இல் ஹோர்சென்ஸ் நகரில் முதற் கூட்டுறவுப் பன்றி இறைச்சிச் சாலையை நிறுவிய நாடு அது. வளர்ச்சியைத் தூண்டத் தீவனத்தில் சேர்க்கப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளை அந்நாட்டுப் பன்றி வளர்ப்போர் 1998 முதல் தாமே முன்வந்து கைவிடத் தொடங்கினர். முதலில் குட்டிகளிடையே கழிச்சலும் இறப்பும் கூடின. எனினும் அவர்கள் பின்வாங்கவில்லை; தீவனத்தையும் பராமரிப்பையும் திருத்திக்கொண்டு தொழிலை நிலைநிறுத்தினர். ஒருவர் தனித்து நின்றால் இயலாதது, பலர் ஒரே விதிக்கு உட்பட்டபோது இயன்றது.

"குட்டியைத் தாயிடம் அதிக நாள் விட்டால் வருமானம் குறையுமே" என்று சிலர் கூறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். சினைக்காலம் 114 நாள். குட்டியைப் பிரித்தபின் தாய் மீண்டும் சினைப்பட ஏறக்குறைய ஒரு வாரம். 28-ஆம் நாளில் பிரித்தால் ஈற்றுக்கு ஈற்று 149 நாள். 42-ஆம் நாளில் பிரித்தால் 163 நாள். மூன்றாண்டுகளில் ஏற்படும் குறைவு ஓர் ஈற்றுக்கும் உட்பட்டதே. கொழுத்த குட்டிகளைப் பறிகொடுக்கும் நஷ்டத்தோடு இதனை ஒப்பிட்டுக் கொள்க. நாள் நீட்டிப்பது மட்டுமே நோயைத் தடுத்துவிடாது; ஆயினும் வலிவுற்ற குட்டி மாறுதலை எளிதில் தாங்கும்.

எனவே நம் சங்கங்கள் செய்யத்தக்கவை இவை. பால் மறக்குமுன்னரே சிறிது சிறிதாகத் தீவனத்தைப் பழக்க வேண்டும். பிரித்த முதல் இரு வாரங்கள் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் மிகுந்த தீவனத்தைக் குறைத்து, அளவோடு பலமுறை இட வேண்டும். பல ஈற்றுக் குட்டிகளை ஒரே கொட்டிலில் கலத்தலாகாது. கொட்டிலைக் கழுவி உலர்த்திய பின்னரே புதுக் குட்டிகளை விட வேண்டும். குட்டி இறந்தால் புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் காரணம் அறிதல் வேண்டும். இந்நஞ்சுக்கு எதிரான தடுப்பூசி 2013 முதல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் எவ்வகைத் தடுப்பு ஏற்றதென்று அவரிடமே கேட்டறிதல் நலம்.

மருந்து ஆபத்துக்கு உதவும் நண்பன், அன்றாடத் தீவனமன்று. இதனை ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, அங்கத்தினர் அனைவரும் ஒழுகுமாறு செய்தல் நம் கடமையாகும்.