ஆங்கிலம் அறிவோம்: நின்றாரா, நிறுத்தப்பட்டாரா?



"மாமா வேலையை விட்டு நின்னுட்டாரு" என்று நம் தோட்டங்களில் சொல்கிறோம். வயதாகி ஓய்வு பெற்றவருக்கும், வேறு வேலைக்குப் போனவருக்கும், தோட்டம் விற்கப்பட்டதால் வேலை இழந்தவருக்கும் இதே பேச்சுதான். ஆங்கிலத்தில் இதற்கு நான்கு சொற்கள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் பணமே போய்விடும்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் ஒரு தாளை நீட்டினார்.

"வாத்தியாரே, தோட்டம் கைமாறுதாம். நாளைக்கு ஆபீஸ்ல இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாம். என்னான்னு பாருங்க."

படித்தேன். 'ரிசைன்' என்று இருந்தது.

"ஏண்ணே, நீங்களாகவா வேலையை விட்டு நிக்கிறீங்க?"

"நான் எங்கே நிக்கிறேன்? அவங்கதானே நிறுத்துறாங்க!"

நான் நடத்த வேண்டிய பாடத்தை அவரே நடத்திவிட்டார். நிற்பது வேறு, நிறுத்துவது வேறு. சொற்களைப் பார்ப்போம்.

ரிசைன்: தொழிலாளி தானாக விலகுவது. முடிவு அவருடையது.

ரிட்டயர்: வயதாகி ஓய்வு பெறுவது. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60.

ரிட்ரெஞ்ச்: தொழிலாளி மேல் குற்றம் ஏதும் இல்லை, வேலை இல்லாமல் போனதால் நிர்வாகம் ஆளைக் குறைப்பது.

டிஸ்மிஸ்: குற்றம் சாட்டி, விசாரித்து வேலை நீக்கம் செய்வது. அது நியாயமில்லை என்று நினைப்பவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும்.

இதில் பணம் எங்கே வருகிறது? தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டின் விதிகள்படி, ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவரை ரிட்ரெஞ்ச் செய்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். 2 ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். நம் பெரியவருக்கு 24 ஆண்டு சேவை. கணக்குப் போடுங்கள்: 480 நாள் சம்பளம்! 'ரிசைன்' என்ற சொல்லின் கீழ் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த நஷ்டஈட்டைக் கேட்க வழியில்லாமல் போயிருக்கும். ஊழியர் சேமநிதியில் உள்ள பணம் மட்டும் எந்தச் சொல் வந்தாலும் அவருடையதே.

பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. தாளைச் சங்கத் தலைவரிடம் கொண்டு போனார். பிறகு வந்த கடிதத்தில் 'ரிட்ரெஞ்ச்' என்று இருந்தது.

சொற்கள் மறந்து போனாலும் ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "இது யார் முடிவு?" என் முடிவு என்றால் ரிசைன். வயதின் முடிவு என்றால் ரிட்டயர். நிர்வாகத்தின் முடிவு, என் மேல் குற்றமில்லை என்றால் ரிட்ரெஞ்ச். குற்றம் சாட்டி எடுத்த முடிவு என்றால் டிஸ்மிஸ்.

பெற்றோர்களே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பிள்ளையிடமோ, ஆசிரியரிடமோ, சங்கத்திலோ, தொழிலாளர் இலாகாவிலோ காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, இந்த நான்கு சொற்களையும் எழுதி வைத்து, இன்றிரவு அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அதுவே உங்கள் வீட்டுப்பாடம்.

அடுத்த இதழில், கடன் வாங்குவதைச் சொல்லும் 'பாரோ'வையும் கடன் கொடுப்பதைச் சொல்லும் 'லெண்ட்'டையும் பார்ப்போம். அதிலும் பணம் இருக்கிறது!