ஓட்டு பிச்சை அல்ல

மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் போகும் வழியில் இருக்கிறது கள்ளிக்குடி. 2021 ஜூலை 24 அன்று அங்கே வைத்துத்தான் பாதிரியார் ஜார்ஜ் பொன்னையாவைப் போலீசார் கைதுசெய்தார்கள். ஆறு நாள் முன்பு, குமரி மாவட்டம் அருமனையில் காவலில் இருந்தபோது இறந்த பழங்குடி உரிமைச் செயற்பாட்டாளர் பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு அஞ்சலி செலுத்திய கூட்டத்தில் அவர் பேசியது வீடியோவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாரத மாதாவையும் பூமாதேவியையும் இழித்துப் பேசியதாக வழக்கு. பேச்சை வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்ற அவர், வருத்தமும் தெரிவித்தார். 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சில பிரிவுகளை மட்டும் ரத்து செய்தது. மத உணர்வைப் புண்படுத்துவது தொடர்பான 295ஏ நீடித்தது.

என்னை அதிகம் உறுத்தியது அந்தப் பேச்சின் இன்னொரு சொல். திமுகவின் வெற்றி, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் போட்ட பிச்சை என்றார். வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கி வந்த ஒவ்வொருவரின் முடிவையும் ஒருவர் மேடையில் நின்று மொத்தமாகச் சொந்தம் கொண்டாடினால் அது என்ன நியாயம்? "சாமியார் கை காட்டுற ஆளுக்குத்தான் அவங்க போடுவாங்க" என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு அவரே சாட்சி சொன்னது போல் ஆயிற்று. வம்பு வந்ததும் மேடையில் இருந்தவருக்கு வக்கீல் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையைத் தாங்க வேண்டியிருந்தது, ஞாயிறு பூசைக்குப் போய்வந்த சாதாரணக் குடும்பங்கள்தான்.

2022 செப்டம்பரில் நடைப்பயணம் தொடங்கிய ராகுல் காந்தி, புலியூர்குறிச்சியில் இதே பாதிரியாரைச் சந்தித்தார். இயேசு கடவுளின் வடிவமா என்று ராகுல் கேட்டதற்கு, அவரே உண்மையான கடவுள், சக்தியைப் போல அல்ல என்ற தொனியில் பதில் வந்தது. கேள்வி மட்டுமே கேட்ட தலைவர், பதிலுக்கும் பொறுப்பாளி ஆக்கப்பட்டார். விலைவாசியும் வேலையின்மையும் பேச வேண்டிய நாட்கள் இந்த விளக்கத்தில் போயின. 2008-இல் ஒபாமாவுக்கும் இதுதான் நடந்தது. தன் போதகர் ஜெரமையா ரைட்டின் பேச்சுக்காக பிலடெல்பியாவில் தனி உரையே ஆற்ற வேண்டிவந்தது.

ஆனாலும் 2024 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரியில் காங்கிரசின் விஜய் வசந்த் ஒன்றரை லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் வென்றார். மக்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

மதுரை ஆதீனமாக இருந்த அருணகிரிநாதர் அதிமுகவுக்குப் பிரசாரம் செய்ததையும் பார்த்த மாநிலம் இது. எந்த மதத்தவரானாலும் அளவுகோல் ஒன்றுதான். மதத்தின் பெயரால் வேட்பாளர் தரப்பு ஓட்டுக் கேட்பது முறைகேடு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) சொல்கிறது. அது வாக்காளரின் மதத்துக்கும் பொருந்தும் என 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கட்சிகளே, எங்கள் ஓட்டுக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மடத்துக் கதவையும் கோயில் கதவையும் அல்ல.