காபி டம்ளரை வைத்து மனிதனின் தகுதியை அளக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு வாரமாக நம் உறவினர் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மார்மன் என்று ஒரு சமூகமாம். மது கிடையாது, புகை கிடையாது, டீ காபி கூடக் கிடையாது. கடைப்பிடிக்காதவர்களைக் கோயிலுக்குள்ளேயே விடமாட்டார்களாம். "பக்தி என்றால் இதுவல்லவா!" என்று முடிகிறது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். செய்தியில் உள்ள தகவல் உண்மைதான். அந்த "இதுவல்லவா"வோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் யார் இவர்கள் என்று சொல்லிவிடுகிறேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். 1830இல் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. "மார்மன்" என்ற பட்டப்பெயரைத் தவிர்த்து முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018இல் அவர்களின் தலைவரே கேட்டுக்கொண்டார். சுருக்கத்துக்காக மட்டும் இங்கே பழைய பெயரைப் பயன்படுத்துகிறேன்.

இந்த உணவு விதி பிறந்தது 1833 பிப்ரவரி 27 அன்று, ஒஹையோ மாநிலத்தில் கர்ட்லாண்ட் என்ற ஊரில். ஒரு கடையின் மாடியறையில் ஆண்கள் கூடி ஸ்மித்திடம் பாடம் கேட்பார்கள். வாயில் சுங்கான், கன்னத்தில் புகையிலை, தரையெல்லாம் எச்சில். அதைக் கழுவ வேண்டிய வேலை ஸ்மித்தின் மனைவி எம்மாவுக்கு. புகையும் எச்சிலும் தாங்காமல்தான் ஸ்மித் இறைவனிடம் விசாரித்தார் என்று பிற்காலத்தில் பிரிகாம் யங் சொல்லியிருக்கிறார். அப்படி வந்ததுதான் "ஞான வார்த்தை". அவர்களின் வேதநூல்களில் ஒன்றான "கோட்பாடும் உடன்படிக்கைகளும்" நூலில் 89ஆம் பிரிவு.

அதில் என்ன இருக்கிறது? மதுவும் கடும் பானங்களும் வேண்டாம். புகையிலை வேண்டாம். சூடான பானங்கள் வேண்டாம். இறைச்சியைக் குறைவாகவே உண்ண வேண்டும், அதுவும் குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் என்றால் நல்லது. தானியமும் பழமும் கீரையும் நல்லவை. எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் எரிச்சலிலிருந்து இவ்வளவு நல்ல அறிவுரை வந்திருக்கிறது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ ஆய்வுகள் உறுதியாகக் காட்டியது 1950இல்தான். அதற்கு 117 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமூகம் புகையிலையைத் தள்ளிவைக்கச் சொன்னது என்றால் அதைப் பாராட்டாமல் என்ன செய்வது? இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

என் மறுப்பு வேறு இடத்தில். அதே பிரிவின் தொடக்கத்திலேயே, இது கட்டளையாகவோ கட்டாயமாகவோ தரப்படவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பலவீனருக்கும் பலவீனரான கடைசி விசுவாசிக்கும் ஏற்றபடி தரப்பட்ட அறிவுரை என்கிறது. பலவீனனைத் தூக்கிவிடக் கொடுத்த கைத்தடியைக் கொண்டே அவனை வாசலில் மறித்தால் அது என்ன நியாயம்?

வாசலில் மறிப்பது எப்படி என்று சொல்கிறேன். மார்மன்களின் ஞாயிறு வழிபாட்டுக்கு யாரும் போகலாம். ஆனால் ஆலயம் என்பது தனி. திருமண முத்திரிப்பு போன்ற மிகப் புனிதமான சடங்குகள் அங்கேதான் நடக்கும். உள்ளே போக ஆலயப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். அதற்கு முதலில் உள்ளூர் ஆயர், பிறகு அந்த வட்டாரத் தலைவர் என்று இரண்டு நேர்காணல்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம்பிக்கை, நேர்மை, கற்பு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை என்று கேள்விகள் போகும். ஞான வார்த்தையைக் கடைப்பிடிக்கிறாயா என்பதும் அதில் ஒன்று. புதிதாக ஞானஸ்நானம் பெற வருபவரிடமும் இதைக் கேட்கிறார்கள்.

"மற்ற கேள்விகளும் இருக்கின்றனவே சார், காபியை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். என்னிடம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வியும் இருக்கும், பத்து மதிப்பெண் கேள்வியும் இருக்கும். நீ நேர்மையானவனா என்பது பத்து மதிப்பெண் கேள்வி. ஏமாற்றுக்காரன் கூட "முயல்கிறேன் ஐயா" என்று அரைப்பக்கம் எழுதிவிடுவான், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவான். காலையில் காபி குடித்தாயா என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. திருத்துபவருக்கு எது சுலபமோ அதுவே நாளடைவில் பாடமாகிவிடும். பிள்ளைகளும் அதையே படிப்பார்கள், பெற்றோரும் அதையே விசாரிப்பார்கள். பரிசுத்தத்தைத் தேடப் போனவர்கள் கடைசியில் டம்ளரை மோந்து பார்க்கிறவர்களாக ஆவது இப்படித்தான்.

அந்த ஒரு மதிப்பெண் கேள்வியும் முழுப் பாடத்திலிருந்து வருகிறதா என்றால், இல்லை. இறைச்சியைக் குறைக்கச் சொன்ன வரி அதே பிரிவில் இருக்கிறது. 1890களில் லொரென்சோ ஸ்னோ என்ற மூத்த தலைவர் இதை வலியுறுத்திப் பார்த்தார், எடுபடவில்லை. இன்று கோடையில் தினமும் மூன்று வேளை மாட்டிறைச்சி சாப்பிடுபவர் சீட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து உள்ளே போகலாம். ஒரு டம்ளர் டீ குடிக்கும் பாட்டி போக முடியாது. பார்லியை மிதமான பானங்களுக்குப் பயன்படுத்தலாம் என்ற வரியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மெல்லிய பீர் கூட இன்று தடை. ஒரே பக்கத்தில் ஒரு வரி சட்டம், இன்னொரு வரி விருப்பப் பாடம். யார் பிரித்தது? மனிதர்கள்தான்.

எப்போது பிரித்தார்கள் என்று வரலாற்றைப் பாருங்கள். ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்ட 1844 ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறையில் அவரும் தோழர்களும் திராட்சை மது வரவழைத்து அருந்தினார்கள். உடனிருந்த ஜான் டெய்லரே இதை எழுதிவைத்திருக்கிறார். மேற்கு நோக்கிய நெடும்பயணத்துக்குக் குடும்பங்கள் எடுத்துவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் டீயும் காபியும் இருந்தன. பிரிகாம் யங் தெற்கு யூட்டாவுக்குத் திராட்சை பயிரிடவே ஆட்களைக் குடியேற்றினார். அங்கே தயாரான மதுவைத் தசமபாகக் காணிக்கையாகவே சபை வாங்கிக்கொண்டது.

இந்த விதி ஆலயச் சீட்டுக்கான நிபந்தனையாக இறுகியது 1921 வாக்கில், ஹீபர் கிராண்ட் தலைவராக இருந்தபோது. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது 1920இல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலத்தின் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று தெரியும். 1933இல் அந்த மதுவிலக்கு நீங்கியபோது, தேவையான 36ஆவது மாநிலமாக ஒப்புதல் தந்தது எது தெரியுமா? கிராண்ட் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடிய அதே யூட்டா!

அப்படியானால், சபையைக் கட்டியவர்களே இன்றைய விதிப்படி வாசலில் நின்றிருப்பார்கள். "அன்று அது விதியில்லையே" என்பார்கள். சரி. பிறந்த வருடத்தைப் பொறுத்து மாறுகிற ஒன்றை ஒழுங்குமுறை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கடவுள் முன் ஒருவர் நிற்கத் தகுதியானவரா என்பதை அது எப்படிச் சொல்லும்?

அடுத்தது, அந்த "சூடான பானம்". ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் 1842இல், அது டீயும் காபியும்தான் என்று விளக்கம் சொன்னார். அதன் பிறகு, காரணம் காஃபின்தான் போலிருக்கிறது என்று பலர் தாங்களாகவே முடிவு செய்து கோலாவையும் ஒதுக்கினார்கள். 2012இல் சபை, காஃபினுக்குத் தடை எதுவும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. அவர்களின் பிரிகாம் யங் பல்கலைக்கழக உணவகங்களில் 2017இல் காஃபின் கலந்த சோடா விற்பனைக்கு வந்தது. ஆனால் 2019இல் பச்சைத் தேநீரும் ஐஸ் டீயும் தடைதான் என்று இளைஞர்களுக்கான அவர்களின் பத்திரிகை எழுதியது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஐஸ்கட்டி மிதக்கும் டீ, "சூடான பானம்" என்பதால் தடை. ஆவி பறக்கும் சாக்லேட் பானம் சூடானதல்ல, குடிக்கலாம். காபியில் உள்ள காஃபின் பாவம், கோலாவில் உள்ள அதே காஃபின் பாவமில்லை. யூட்டாவில் சோடா கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்திருப்பது சும்மா இல்லை. 2010இல் செயின்ட் ஜார்ஜ் நகரில் தொடங்கிய ஸ்விக் போன்ற கடைகளில், கோலாவில் சர்க்கரைப் பாகும் க்ரீமும் ஊற்றிக் குடம் போன்ற கோப்பையில் தருகிறார்கள். அதைக் குடித்துவிட்டு ஆலயத்துக்குப் போகலாம். சர்க்கரை இல்லாத கடுங்காபி குடித்தவர் போகக் கூடாது.

"என்ன இருந்தாலும் உடம்புக்கு நல்லதுதானே சார்?" புகையும் மதுவும் விஷயத்தில், ஆம், நூற்றுக்கு நூறு. மற்றவற்றில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னதைக் கேளுங்கள். 2016இல் அது, காபி புற்றுநோயை உண்டாக்குகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் அநேகமாக ஆபத்து என்றது. அதற்கு முந்தைய வருடம், சிவப்பு இறைச்சியும் அநேகமாக ஆபத்து, பதப்படுத்திய இறைச்சி நிச்சயமாகவே ஆபத்து என்றது. ஆக, உடல்நலம்தான் காரணம் என்றால் நேர்காணலில் கேட்க வேண்டியது பானத்தின் சூட்டையும் தட்டில் இருக்கும் இறைச்சியையும். அவற்றை விட்டுவிட்டு டீ காபியைக் கேட்கிறார்கள் என்றால், இது உடல்நலப் பரிசோதனை இல்லை. "நீ எங்கள் ஆளா" என்ற பரிசோதனை.

அடையாளம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தன் ஆட்களைச் சேர்த்துக் கட்டிவைக்க ஒவ்வொரு சமூகமும் ஏதோ ஒன்றை வைத்திருக்கும். "அவர்கள் வீடு, அவர்கள் விதி, உங்களுக்கென்ன?" என்பதும் நியாயமான கேள்விதான். விதி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதைப் பக்தியின் உச்சம் என்று நீங்கள் எனக்கு அனுப்பும்போது, அதன் விலை என்ன என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

விலை இதுதான். பெண்ணுக்கு ஆலயத்தில் திருமணம். சீட்டு இல்லாத தாய் உள்ளே போக முடியாது. காபியை விட முடியாத தாயானாலும், வேறு மதத்தைச் சேர்ந்த தாயானாலும், வெளியே காத்திருக்கும் அறையிலோ தோட்டத்திலோதான் உட்கார வேண்டும். பெற்று வளர்த்தவள் பார்க்காமலேயே சடங்கு முடிந்துவிடும். சரி, எல்லோரும் பார்க்கும்படி வெளியே ஒரு திருமணம் செய்துகொண்டு பிறகு ஆலயத்துக்குப் போகலாமே என்றால், அமெரிக்காவில் அப்படிச் செய்தவர்கள் ஆலயச் சடங்குக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 மே மாதத்தில்தான் அந்தக் காத்திருப்பை நீக்கினார்கள். நல்ல மாற்றம். ஆனால் அதற்கு முன் வெளியே உட்கார்ந்திருந்த தாய்மாருக்கு அந்த நாளை யார் திருப்பித் தருவது? ஒரே கையெழுத்தில் நீக்க முடிந்தது என்றால், அத்தனை வருடமும் அது தெய்வத்தின் கண்டிப்பா, அலுவலகத்தின் கண்டிப்பா?

இன்னொரு விலையும் உண்டு. சீட்டு இல்லை என்றால் அக்கம்பக்கம் கேட்கும். "உன் அண்ணன் கல்யாணத்துக்கு ஏன் உள்ளே வரவில்லை?" என்ற கேள்விக்குப் பயந்து நேர்காணலில் பொய் சொல்லத் தோன்றும். காபி குடித்ததில் யாருக்கும் கேடில்லை. அதை மறைக்கச் சொன்ன பொய்யில் கேடு உண்டு. நேர்மையையும் கேட்கிற அதே நேர்காணல், உண்மையைச் சொன்னவனை வெளியே நிறுத்தி, பொய் சொன்னவனை உள்ளே அனுப்பிவிடுகிறது. இதைவிடத் தலைகீழான தேர்வை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அவர்களும் வணங்கும் இயேசு, வாய்க்குள் போவதைவிட வாயிலிருந்து வருவதே மனிதனைக் கெடுக்கிறது என்று போதித்ததை மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் நீங்களே பார்க்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது அந்த மக்களைக் கேலி செய்யும் பதிவு இல்லை. உங்களில் யாராவது யூட்டா பக்கம் வேலைக்குப் போனால், பக்கத்து வீட்டுக்காரர் டீ வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். எலுமிச்சைச் சாறு கொடுங்கள். கழுத்துப்பட்டை கட்டி, சட்டையில் பெயர்ப்பலகை குத்திய பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஊழியத்துக்காகக் கதவைத் தட்டினால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். தன் நாக்கைத் தானே கட்டுப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் மரியாதை உண்டு. அடுத்தவர் நாக்கை அளந்து அவருடைய ஆன்மாவுக்கு மதிப்பெண் போடும்போதுதான் அந்த மரியாதை போய்விடுகிறது.

ஆகவே அந்தச் செய்தியை இனியும் அனுப்புவதாக இருந்தால் திருத்தி அனுப்புங்கள். புகையிலையை விட்டதைப் பாராட்டுங்கள், மதுவை விட்டதைப் பாராட்டுங்கள். தாயை வெளியே உட்காரவைத்ததற்குக் கைகூப்பாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். "சார் சொன்னால் சரி" என்று மட்டும் எழுத வேண்டாம், அது எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும். காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.