எண்ணெய் உண்ணும் சிற்றுயிர்

ஓமந்தையில் உறவினர் தோட்டமொன்றின் கிணற்றடியில் நின்றிருந்தோம். மண்ணெண்ணெய்ப் பம்பிலிருந்து கசிந்த எண்ணெய் நீரின்மேல் வானவில் நிறங்காட்டி மிதந்தது. பெரியப்பா கேட்டார்: "தம்பி, எண்ணெயைத் தின்னுற கிருமி இருக்காமே, அதிலை கொஞ்சம் வாங்கி விட்டால் என்ன?"

கேள்வியிற் பிழையில்லை. அத்தகைய பற்றீரியாக்கள் உண்டு. விலைகொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை, கிணற்றடி மண்ணிலேயே வாழ்கின்றன. மண்ணெண்ணெயிற் பெரும்பகுதி காபனும் ஐதரசனும் கோத்த சங்கிலிகளே. பற்றீரியா அச்சங்கிலியின் நுனியில் ஓர் ஒட்சிசன் அணுவைப் புகுத்துகின்றது. எண்ணெய் முதலில் அற்ககோலாகின்றது, பின்னர் கொழுப்பமிலமாகின்றது. அதன்பின் வேலை எளிது. தோசைக்கு விட்ட நல்லெண்ணெயை நம் உடல் எரிப்பதுபோலவே, இரண்டிரண்டு காபனாக வெட்டி உண்டுவிடுகின்றது. உணவு மிகுந்தால் சில இனங்கள் அதனை மெழுகாக்கி, அறுவடை நெல்லை மூட்டை கட்டுவதுபோலத் தம் உடலுக்குள்ளேயே சேமிக்கின்றன.

இயற்கை இறப்பரை உண்ணும் பற்றீரியாவும் 1914இலேயே அறியப்பட்டது. ஆயினும் பெரியப்பாவின் வேலியோரத்து உழவியந்திரச் சில்லு அசையாமற் கிடக்கின்றது. கந்தகத்தாற் பிணைத்துப் பதப்படுத்திய இறப்பர் அவ்வளவு இலகுவில் இரையாவதில்லை.

தடை எங்கேயெனில், அந்த முதலாவது ஒட்சிசன் அணுவில். நீர்ப்பரப்பிலே காற்றுண்டு; நிலத்தடியிலோ குறைவு. நைதரசனும் பொசுபரசும் வேறு வேண்டும். சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் சுண்ணாம்புக்கல்லினூடு இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தபோது எந்தச் சிற்றுயிரும் ஊரவரை உடனே காக்கவில்லை. வழக்குப் பேசி, 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதிக்க வேண்டியதாயிற்று.

வங்காளத்தவரான ஆனந்த மோகன் சக்கரவர்த்தி எண்ணெயின் பல கூறுகளையும் ஒருங்கே உண்ணும் பற்றீரியாவை உருவாக்கினார். 1980இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை வழங்கலாமெனத் தீர்த்தது. உலகப்புகழ் வந்தது, அந்தப் பற்றீரியாவோ எண்ணெய் படர்ந்த கடலுக்கு இறங்கவேயில்லை.

குடிநீர்க் கிணற்றிற் கிருமியை ஊற்றுவதில் இன்னுமோர் அபாயம். எண்ணெய் உண்ணும் இனங்களுள், புண்ணிற் புகுந்து நோய் விளைப்பனவும் உள.

இவ்வளவையும் கேட்ட பெரியப்பா, "அப்ப பம்பைத்தான் தூக்க வேணும்" என்றார். மேலெண்ணெயை அள்ளி எடுத்தோம். பம்பைத் தள்ளிவைத்து, அடியிலே பழைய தகரத் தட்டொன்றையும் இட்டோம். குடிதண்ணீர் இப்போது அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து வருகின்றது.